இரண்டாவது வரி

மூன்றாவது ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது.
சென்னையிலிருந்து பிரஜித் கேட்கிறான்:
பதினைந்து நொடி போதும் அக்கா,
எந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஒன்பது பாட்டு, நாற்பத்தோரு நிமிடம்.
கைதட்டும் இடம் எதுவும் இல்லை.

அட்டைப்படத்தின் மேல் ஒரு தேதி.
திங்களன்று ‘விரைவில்’,
வியாழனன்று ‘நாளை’,
அப்புறம் ‘வந்துவிட்டது’.
குன்னூரில் பல் டாக்டர் கிளை திறந்தபோதும்
இதே மூன்று சொல்தான்.

முதல் ஆல்பத்துக்கு எங்களிடம் காசே கிடையாது.
ஹாலனின் சித்தப்பா போஜனிடம் கேரட் இருந்தது.
கேத்தி பாலாடாவில்
கழுவும் மெஷின் உருளுகிற இரைச்சலில்
தகரத்தில் எழுத்து வெட்டி, நீலச்சாயம் தொட்டு
முந்நூறு சாக்கில் அடித்தோம்:
பாட்டின் முதல் வரி, கீழே என் நம்பர்.
பேர் இல்லை, படம் இல்லை.
ஜெரால்டு பத்துப் பதினைந்து சாக்கில்
‘ழ’வைப் புரட்டி வைத்துவிட்டான்.
அதுவும் லாரி ஏறி மேட்டுப்பாளையம் போனது.

மூன்றாம் நாள் பொள்ளாச்சியிலிருந்து
சுமை இறக்குகிற ஒருவர்:
“இதுல பாதிதாங்க இருக்கு. மிச்சம் எந்த மூட்டைல?”
பாலக்காட்டு ஓட்டல்காரருக்கு
இது ஏதோ லாட்டரி என்று சந்தேகம்.
ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒருத்தி
எதுவும் கேட்கவில்லை.
தானே ஒரு இரண்டாவது வரி சொல்லி
போனை வைத்துவிட்டாள்.
எங்களுடையதைவிட நன்றாக இருந்தது.
இன்றுவரை ஹாலனிடம் சொல்லவில்லை.

இரண்டாவது ஆல்பத்துக்கு மூடுபனி.
தொட்டபெட்டா மூடியிருக்கும் நேரம் கூப்பிட்டால்
பாட்டு கேட்கும்.
இல்லையென்றால் ஹாலன் எடுப்பான்:
“இன்னிக்கு வெயிலுங்க, நாளைக்கு அடிங்க.”
அந்த ஏப்ரலில் சேர்ந்தாற்போல் பதினொரு நாள் வெயில்.
அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
திருப்பூரிலிருந்து ஒருவர் தினமும் திட்டுவார்,
தினமும் கூப்பிடுவார்.

இந்த முறையும் நான் ஒன்று சொல்லிப் பார்த்தேன்.
டஸ்ட் டீ பாக்கெட், உள்ளே ஒரு சீட்டு,
சீட்டில் ஒரு கேள்வி.
பிரஜித் மரியாதையான பையன், முழுக்கக் கேட்டான்.
“நல்லாருக்குக்கா. ஆனா இதை அளக்க முடியாதே.”
அளக்க முடியாதுதான்.
ஒரு சாக்கை எத்தனை பேர் பார்த்தார்கள்,
எத்தனை பேர் அதன்மேல் உட்கார்ந்து பீடி குடித்தார்கள்,
கணக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.
சரி, பதினைந்து நொடி வெட்டிக்கொள் என்றேன்.
அவன்மேல் பழி போட முடியாது, என் வாய்தான் சொன்னது.

வியாழன் ராத்திரி, ‘நாளை’ போட்டு மூன்று மணிநேரம்,
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் விரலால் தள்ளிக் கடந்தபின்
ஒரு போன். பழைய நம்பருக்கு.

“கேரட் மூட்டை என்ன வெலைங்க?”

காரமடையிலிருந்து.
ஆட்டுக் கொட்டகைக்குப் படுதாவாகத் தொங்கும் சாக்கில்
நம்பர் இன்னும் தெரிகிறதாம், பதினாறு வருடம் கழித்து.
நான் வியாபாரி இல்லை என்று சொல்லி
போஜன் மகனின் நம்பர் கொடுத்தேன்.
எழுதிக்கொண்டார். வைக்கவில்லை.

“மேல என்னமோ எழுதியிருக்குங்க.
முன்பாதிய ஆடு தின்னுபோட்டுது.
என்னங்க அது?”

வாயைத் திறந்தேன்.
காலையிலிருந்து ஓடிய பதினைந்து நொடிதான் வந்தது,
அதுவே மறுபடியும்.

“லைன்லயே இருங்க.”
வீட்டுக்காரர் போனை எடுத்து ஹாலனை எழுப்பினேன்.
முதல் ஆல்பம், முதல் பாட்டு, முதல் வரி.
அவனுக்கும் வரவில்லை.
“இரு, டிரம்ஸ் எப்படிப் போகும்னு பாக்கறேன்,”
கட்டில் சட்டத்தில் தட்டத் தொடங்கினான்,
அவன் மனைவி ஏதோ படகுவில் கேட்கிறாள்.

ஒரு காதில் அந்தத் தட்டல்.
இன்னொரு காதில் காரமடை:
“இருக்கேனுங்க,
மெதுவா சொல்லுங்க.”
பின்னால், மெல்லுகிற சத்தம்.